எல்லையைத் தாண்டும் முன்பே அவனுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது

கல்லூரி விடுதியில் என்னோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவன் இப்போது டொரோன்டோவில் இருக்கிறான். அவன் தன்பாலீர்ப்பாளன். "பேரும் ஊரும் மட்டும் வேண்டாம், மத்ததை எழுதிக்கோ" என்று சொல்லியிருக்கிறான், அதனால் எழுதுகிறேன். அவனைப் பற்றி எங்கள் வட்டத்தில் இரண்டு கதைகள் உலவுகின்றன. சொந்தக்காரர்கள் சொல்வது: "வெளிநாடு போய்க் கெட்டுப்போயிட்டான்." படித்த நண்பர்கள் சொல்வது: "நல்லவேளை, தப்பிச்சுப் போயிட்டான்." முதல் கதை வெறுப்பில் வருகிறது, இரண்டாவது அன்பில் வருகிறது. ஆனால் இரண்டிலுமே அவன் வாழ்க்கை விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. விடுதி மொட்டைமாடியில் அவன் ஒருவனுக்காக விடிய விடிய அழுததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த இரவுக்கு இந்த இரண்டு கதைகளிலும் இடமே இல்லை.

இந்த எரிச்சலை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்ததில்லை. அதைச் சொல்லக் கற்றுக்கொடுத்தது, எங்கோ மெக்சிகோவைப் பற்றிய ஆராய்ச்சி. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கே, அதாவது தன்பாலீர்ப்பு, ஆண்களைப் பற்றிச் சில சமூகவியலாளர்கள் பல வருடங்களாக எழுதி வந்திருக்கிறார்கள். அதில் முக்கியமானவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எக்டோர் கரியோ. 1990களில் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் களப்பணி செய்தவர். அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 150 ஆண்களிடம் நீண்ட நேர்காணல்கள் எடுத்தார். மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், அமெரிக்காவிலேயே பிறந்த லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), அவர்களோடு உறவில் இருக்கும் மற்ற அமெரிக்கர்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. 2017இல் அது 'பாத்வேஸ் ஆஃப் டிசையர்' என்ற புத்தகமாக வந்தது.

இந்த நகர்வுக்கு அவர் வைக்கும் பெயர் பாலியல் இடப்பெயர்வு. இடப்பெயர்வு ஆய்வுகளில் வரும் ஆள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருப்பான்: ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வயலிலோ கட்டட வேலையிலோ உழைத்து, மாதாமாதம் பணம் அனுப்புகிறவன். கூலிக்காகப் போகிறான், குடும்பத்துக்காகப் போகிறான். யாரை நேசிக்கிறான் என்ற கேள்வியை அவனிடம் கேட்டவர்கள் குறைவு. கரியோ கேட்டார். பலருக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தது.

உடனே "பார்த்தியா, தப்பிச்சு ஓடியவர்கள்தானே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் பேசிய ஆண்களின் கதைகள் அப்படி ஒரே திசையில் போகவில்லை. சின்ன ஊரில் மூச்சுமுட்டி வெளியேறியவர்கள் உண்டு. ஆனால் அப்படி வெளியேறியவர்களில் சிலர் முதலில் போனது குவாதலஹாராவுக்கோ மெக்சிகோ நகரத்துக்கோதான். அங்கே மதுக்கூடங்கள், நண்பர் கூட்டம், காதலன் என்று முழு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு, பிறகு வேறு காரணத்துக்காக எல்லையைத் தாண்டியவர்கள் உண்டு. அமெரிக்கக் காதலன் கூப்பிட்டதால் போனவர்கள், சிறு வயதில் பெற்றோரோடு போனவர்கள், வேலைக்கென்று போய் அங்கே போன பிறகுதான் தன்னை உணர்ந்தவர்கள் என்று பலரும் உண்டு. பெருநகரத்திலிருந்து வந்தவனுக்குச் சான் டியேகோவின் கே வட்டாரமான ஹில்கிரெஸ்ட் ஒன்றும் சொர்க்கமாகத் தெரியாது. அங்கிருந்து அரை மணி நேரத்தில் எல்லை. அதைத் தாண்டினால் மெக்சிகோவின் எல்லை நகரமான திஹுவானாவில் பிளாசா சாந்தா செசிலியா என்ற சதுக்கத்தைச் சுற்றி கே மதுக்கூடங்கள். அமெரிக்காவிலிருந்தும் அந்தப் பக்கம் போகிறார்கள், குடியேற்றக் காகிதம் இருந்தால்.

'அந்தப் பக்கம்' என்றதும் நினைவுக்கு வருகிறது. மெக்சிகோக்காரர்கள் அமெரிக்காவை 'எல் ஓத்ரோ லாதோ' என்பார்கள். மறுபக்கம் என்று பொருள். ஒருவன் கே என்பதை மறைமுகமாகச் சொல்லவும் அதே சொல்தான்: அவன் மறுபக்கத்து ஆள். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பதைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் 'பின்தங்கிய மெக்சிகோ, முன்னேறிய அமெரிக்கா' என்ற படம் அங்கேதான் கிழிகிறது. மெக்சிகோவின் 1871 குற்றவியல் சட்டத்தில் வயதுவந்த இரு ஆண்கள் சம்மதத்தோடு உறவு கொள்வது குற்றமாகவே இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது 2003 வரை குற்றம்; அந்த வருடம்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை ரத்து செய்தது. 1952இலிருந்து 1990 வரை கே என்று தெரிந்தால் அமெரிக்காவுக்குள் விடவே மாட்டார்கள். 'மனநோய் ஆளுமை' என்று ஒரு வகை வைத்திருந்தார்கள். அது போதாதென்று 1965இல் 'பாலியல் பிறழ்வு' என்று தனியாகவே எழுதிச் சேர்த்தார்கள். திருமணத்தைப் பாருங்கள். 2010 மார்ச்சில் மெக்சிகோ நகரத்தில் இரண்டு ஆண்கள் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். அதே மார்ச்சில் சான் டியேகோவில் முடியாது. கலிஃபோர்னியா மக்கள் 2008இல் வாக்களித்துத் தடுத்திருந்தார்கள், அந்தத் தடை 2013 வரை நீடித்தது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் தப்பி ஓடுவது?

இதைச் சொல்லும்போது மெக்சிகோவை நல்ல பிள்ளையாக்கவும் கூடாது. அங்கே சட்டம் அடிக்காத இடத்தில் மானம் அடித்தது. 1901 நவம்பரில் மெக்சிகோ நகரத்தில் ஒரு நடன விருந்துக்குள் காவலர்கள் புகுந்தார்கள். பிடிபட்டவர்கள் 41 ஆண்கள், பாதிப் பேர் பெண் உடையில். நாற்பத்து இரண்டாவதாக ஒருவர் இருந்தார், அவர் சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸின் மருமகன், அதனால் தப்பவிடப்பட்டார் என்று அன்றைக்கே ஊர் பேசியது. பிடிபட்டவர்கள் செய்ததைக் குற்றமென்று சொல்லச் சட்டம் இல்லை. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? பொது ஒழுக்கத்தின் பெயரால் தெருவைக் கூட்ட வைத்தார்கள், பலரைத் தென்கிழக்கே யூகதானுக்குப் படையோடு எடுபிடி வேலைக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து 41 என்ற எண்ணே கெட்ட எண்ணாகிவிட்டது. நாற்பத்தோரு வயது ஆனவன் வயதைச் சொல்லக் கூசுவான் என்பது அங்கே நெடுநாள் கேலி. சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் இது எதுவும் கண்ணில் படாது.

ஆராய்ச்சியாளர்களும் வழுக்கிய இடம் உண்டு. மெக்சிகோ ஆண்களைப் பற்றி எழுதிய முந்தைய ஆய்வுகள் பல, 'ஆக்டிவோ', 'பசிவோ' என்ற இரண்டு சொற்களில் நின்றுவிட்டன. படுக்கையில் 'ஆண்' இடத்தில் இருப்பவனுடைய ஆண்மைக்கு ஒரு குறையும் வராது, அவன் சாதாரண ஆண்தான். பெண் இடத்தில் இருப்பவனுக்குத்தான் 'ஹோத்தோ' என்ற வசை. இது பொய் இல்லை, இப்படி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் இதுதான் மெக்சிகோவின் பண்பாடு, என்றென்றைக்கும் இப்படித்தான் என்று எழுதியபோது தப்பாகிவிட்டது. அதே நகரங்களில் இரண்டுமாக இருப்பவர்களுக்கு 'இன்டர்நாசியோனால்' என்று ஒரு சொல் புழங்கியது. 'தே அம்பியென்தே' என்றால் நம் வட்டத்து ஆள் என்று பொருள், தங்களுக்குள் அடையாளம் சொல்லிக்கொள்ள. 'கே' என்ற சொல்லும் மெக்சிகோ நகரங்களுக்கு வந்து பல காலம் ஆகிறது. ஒரே தெருவில் ஒரே வயதில் இருக்கும் மூன்று பேர் மூன்று விதமாகத் தங்களைப் புரிந்துகொண்டிருப்பார்கள். கரியோ இதைப் பொறுமையாகக் காட்டுகிறார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தப் பொறுமையால்தான்.

சரி, அந்தப் பக்கம் போனவர்களுக்கு என்ன நடந்தது? இதுதான் எனக்கு மிகவும் வலித்த பகுதி. மெக்சிகோ ஆண்கள் பலர் தங்களை உணர்ச்சிமிக்கவர்கள் என்றும் அமெரிக்கர்களைக் குளிர்ந்தவர்கள் என்றும் சொன்னார்கள். அமெரிக்கர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள், லத்தீனோ என்றால் சூடு என்று. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒருவன் உன்னை விரும்புவது நீ நீயாக இருப்பதற்காகவா, இல்லை அவன் மனதில் ஏற்கெனவே வரைந்து வைத்த ஒரு லத்தீனோவுக்காகவா? ஆங்கிலம் சரியாக வராது, குடியேற்றக் காகிதம் கிடையாது, வீடு காதலன் பெயரில். வெள்ளைக்காரக் காதலன் வழியாகத்தான் அந்த ஊரே அறிமுகம் ஆகிறது. அன்பு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் சண்டை வந்தால் யார் வெளியே போக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

லயனல் காந்தூவைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்தவர். பாலியல் விருப்பத்தையும் பிழைப்பையும் இரண்டு தனிப் பெட்டிகளில் போடாதே என்று முதலிலேயே வற்புறுத்தியவர்களில் ஒருவர். கல்யாணம் ஆகாத மகனுக்குக் குடும்பத்தின் சொத்திலும் வேலையிலும் என்ன இடம்? நடையும் பேச்சும் பெண்மை என்று கேலி செய்யப்படுகிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அப்படிப்பட்டவன் "வேலைக்காகப் போனேன்" என்று சொன்னால் அது பொருளாதாரக் காரணமா, பாலியல் காரணமா? பிரிக்கவே முடியாது என்றார் அவர். 2002இல், முப்பதுகளிலேயே, இறந்துபோனார். நான்ஸி நேப்பிள்ஸ், சல்வதோர் விதால் ஓர்த்திஸ் என்ற இருவர் அவர் எழுதி வைத்ததைத் தொகுத்து 2009இல் புத்தகமாக்கினார்கள். அந்த வளாகத்தில் பால்புதுமை (குயர்) மாணவர்களுக்கான மையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

காந்தூ கவனித்த இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 1994இலிருந்து அமெரிக்காவில் கே என்பதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் அகதித் தஞ்சம் கேட்க வழி திறந்தது. நல்ல விஷயம், பல உயிர்களைக் காப்பாற்றிய விஷயம். 2000இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மெக்சிகோவில் காவலர்களாலேயே வன்கொடுமைக்கு ஆளான ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அவருக்கு நடந்தது கொடூரம், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் தஞ்சம் வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: என் நாடு காட்டுமிராண்டி நாடு, என் பண்பாடே என்னைக் கொல்லும், உங்கள் நாட்டில்தான் நான் மனிதன். அம்மாவைப் பிடிக்கும், அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடிக்கும், அங்கே ஒருவனை மனதாரக் காதலித்தேன் என்றெல்லாம் சொன்னால் மனு பலவீனமாகிவிடும். 1996இல் கொண்டுவந்த சட்டப்படி, வந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். வந்து இறங்கிய பயம் தெளிவதற்கே பலருக்கு ஒரு வருடம் போதாது. உயிர் பிழைக்க ஒருவன் தன் கடந்த காலத்தையே தூக்கிக் கொடுக்க வேண்டியிருப்பது அநியாயம் என்று நினைக்கிறேன். 'தப்பிச்சு வந்தவன்' கதை நம் வாயில் அன்பாக இருக்கிறது, அந்த அலுவலகத்தில் அது நுழைவுக் கட்டணம்.

இன்னொரு கோணமும் இருக்கிறது, மௌனம். மெக்சிகோவின் பெரும் பாடகர் ஹுவான் கப்ரியேல் எல்லை நகரமான சியூதாத் ஹுவாரெஸில் வளர்ந்தவர். 2002இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் நீங்கள் கே என்கிறார்களே என்று கேட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கேட்கக் கூடாது என்பார்கள், மகனே, என்று பதில் சொன்னார். இதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரியோவின் நேர்காணல்களில் வரும் எத்தனையோ குடும்பங்களில் இதுதான் ஏற்பாடு: எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை, 'நண்பன்' வந்தால் அவனுக்கும் தட்டு வைக்கப்படுகிறது. அம்மாவிடம் உட்கார்ந்து அறிவித்தால்தான் நீ முழு மனிதன் என்று ஹில்கிரெஸ்டில் சொல்லித்தருவார்கள். சிலருக்கு அது விடுதலையாக இருந்தது. சிலருக்கு, வீட்டில் ஏற்கெனவே இருந்த ஓர் ஏற்றுக்கொள்ளலை உடைப்பதாக இருந்தது.

ஆனாலும் அந்த மௌனத்தை ரொம்பப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. மாதாமாதம் பணம் வரும்வரை கேள்வி வராது, பணம் நின்றால் வரும் என்ற வீடுகளும் இருக்கும்தானே.

என் நண்பனிடம் இதையெல்லாம் தொலைபேசியில் கொட்டினேன். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய, 1860இல் ஆங்கிலேயன் கொண்டுவந்த சட்டப்பிரிவு 377 நம்மிடம் 2018 வரை இருந்ததே, மெக்சிகோவில் அப்படி ஒன்று இல்லாமலே இத்தனை பாடு என்றேன். அவன் சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நான் கெட்டும் போகல, தப்பிச்சும் போகலடா. வேலை கிடைச்சுது, போனேன். இங்க வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் இவனைப் பார்த்தேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மா வீடியோவில் கூப்பிடுகிறார். கடைசியில், வைப்பதற்கு முன்னால், எப்போதும் ஒரு கேள்வி கேட்பாராம்: "அந்தத் தம்பி சாப்பிட்டுச்சா?" இவன் "ஆச்சும்மா" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அது அவனுக்குப் போதுமா என்று இதுவரை நான் கேட்டதில்லை. அடுத்த முறை பேசும்போது கேட்கப்போகிறேன்.