என்ன சமைப்பது என்று யோசிப்பதும் வேலைதான்

வாரச் சாப்பாட்டுக்கும் சாமான் பட்டியலுக்கும் ஏஐ-யைப் பயன்படுத்துகிறேன் என்று சொன்னால் நம் ஆட்களில் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. "பருப்பும் ரசமும் வைக்கக்கூட கம்ப்யூட்டரா?" என்று கேட்கிறார்கள். வைக்க எனக்குத் தெரியும். என்ன வைப்பது என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டே இருப்பதுதான் ஆளைக் களைப்பாக்குகிறது.

கேஸ் அடுப்பு, மிக்சி, ரைஸ் குக்கர் என்று கைவேலையைக் குறைக்க ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. யோசிக்கிற வேலை மட்டும் ஒருவர் தலையிலேயே தங்கிவிட்டது, பெரும்பாலும் அம்மாவின் தலையில். எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வெங்காயம் இருக்கிறதா, நாளைக்கு வெள்ளிக்கிழமை ஆயிற்றே, மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறதே, சின்னவன் பாகற்காயைத் தொடமாட்டானே என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். இதை யாரும் வேலை என்று கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். அதில் பாதியை ஒரு கருவி வாங்கிக்கொள்ளும் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். "ஒரு வாரத்துக்குச் சாப்பாடு சொல்லு" என்று தட்டிப் பாருங்கள். சால்மன், கினோவா, அவகாடோ என்று யார் வீட்டுச் சாப்பாடோ வந்து நிற்கும். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிற குடும்பத்துக்கு அது எதற்கு? அதனால் நம் வீட்டைப் பற்றி முதலில் அதற்குச் சொல்ல வேண்டும். நான் ஒரு பத்தி எழுதி போனில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அதைத்தான் ஒட்டுகிறேன்:

"கோலாலம்பூரில் ஐந்து பேர் உள்ள தமிழ்க் குடும்பம். செவ்வாய், வெள்ளி சைவம். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம். வார நாளில் சமைக்க முக்கால் மணி நேரம்தான். சனிக்கிழமை காலையில் சௌகிட் பசாரில் வாங்குவோம். மீனுக்குப் பெயர் போடாதே, 'அன்றைய மீன்' என்று மட்டும் போடு. காங்கோங் போன்ற கீரைகள், மீன் முதலில் தீர வேண்டும். பருப்பு, முட்டை, நெத்திலிக் கருவாடு வாரக் கடைசிக்கு இருக்கட்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாமான் இதோ."

அந்த 'அன்றைய மீன்' என்பது எனக்கு ரொம்ப முக்கியம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது கிழக்குக் கரைப் படகுகள் பல கடலுக்குப் போவதில்லை, மீன் குறையும், விலை ஏறும். கேமரன் மலையில் விடாமல் மழை பெய்தால் காய்கறியும் அதே கதிதான். சீனப் புத்தாண்டு சமயத்தில் பாதிக் கடை மூடியிருக்கும். பட்டியலில் தெங்கிரி என்று எழுதிக்கொண்டு போய், கண் குழிந்த மீனைத் தெங்கிரி என்பதற்காகவே வாங்கி வரக்கூடாது. பக்கத்துத் தட்டில் கெம்போங் மீன் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தால் அதுதான் அன்றைய குழம்பு. இதைப் பார்த்து வாங்குவது நம் வேலை. குழம்பு வைக்கும் முறையையும் நான் ஏஐ-யிடம் கேட்பதில்லை. அது எங்கள் அத்தையிடம் இருக்கிறது.

விலை விஷயத்திலும் கவனம் வேண்டும். வாரத்துக்கு இவ்வளவு ரிங்கிட் ஆகும் என்று தயங்காமல் ஒரு தொகை சொல்லும், அதை அப்படியே நம்பாதீர்கள். 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை ஏறியது. அதே ஆண்டு நவம்பரில் கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் போய்விட்டன. 2025 ஆகஸ்டில் முட்டைக்கும் அதே நிலை. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசும் கருவியால் நம் பட்ஜெட் சரியாக வராது. உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலியில் பல கடைகளின் விலையைச் சேகரித்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்து, அல்லது போன வாரத்து ரசீதைப் பார்த்து, விலையை நாமே கொடுத்தால் கூட்டிக் கழித்துத் தருவதை ஏஐ நன்றாகவே செய்கிறது.

அப்புறம் சர்க்கரை நோய். மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது, அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம் என்று 2023 தேசிய ஆய்வு சொல்லியது. நம் வீட்டுத் தட்டைப் பார்த்தாலே காரணம் புரியும், சோறு மலைபோல் இருக்கும், காய் ஓரத்தில் இருக்கும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுகு சுகு செபாரு' (கால், கால், பாதி) கணக்கில் தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். வாரப் பட்டியலை இந்தக் கணக்கில் போடு என்று நான் கேட்கிறேன். அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மாத்திரை போடுகிறவர், ஊசி போடுகிறவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவமனை உணவியல் ஆலோசகரிடம்தான் கேட்க வேண்டும். ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் தூக்கி ஏஐ-க்குள் போடாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இந்தக் கருவியிடம் பேசுவதும் அம்மாவின் வேலையாகிவிட்டால் ஒன்றும் மாறவில்லை, பழைய வேலையோடு தட்டச்சும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பத்தி எழுத்தில் இருப்பதால்தான் அதை வேறு யாரும் எடுத்து நடத்த முடிகிறது. எங்கள் வீட்டில் இப்போது வியாழக்கிழமை இரவு பட்டியல் போடுவது என் கணவர். அலமாரியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்ப்பது பெரிய மகள். முன்பெல்லாம் கணவர் "என்ன வாங்கணும்னு சொல்லு, வாங்கிட்டு வர்றேன்" என்பார். சொல்வதற்கு முன்னால் நான் செய்த வேலை அவருக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது துவரம் பருப்பு தீரப்போகிறது என்று அவர் எனக்குச் சொல்கிறார்.

எங்கள் பத்தி யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள், வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் கேளுங்கள். புரட்டாசிக்கு முழுக்கச் சைவமாக ஒன்று தனியாக எழுதிக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் அதையும் போடுகிறேன்.