தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம் அல்ல

தாமரையும் அல்லியும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று இந்தப் பக்கத்துக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருந்தது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இரண்டையும் வெகுதூரம் பிரித்துவிட்டார்கள். பூக்கும் தாவரங்களில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று அல்லியினுடையது. தாமரைக்கு நெருங்கிய சொந்தமோ நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம்! முதன்முதலில் படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

குளக்கரையில் நின்றாலே வித்தியாசம் தெரியும். அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு பிளவு இருக்கும், இலை தண்ணீரில் படுத்துக் கிடக்கும். தாமரை இலை பிளவில்லாத முழு வட்டம், காம்பு நடுவில் சேரும். முற்றிய இலைகள் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். அதன் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும்.

அப்புறம், பூவுக்குள்ளும் பாருங்கள். தாமரையின் நடுவில் ஷவர் தலை மாதிரி குழி குழியாக ஒரு பொகுட்டு, குழிக்கு ஒரு விதை. அல்லியில் அது கிடையாது, அதன் காய் தண்ணீருக்குள் அமிழ்ந்துதான் முற்றும். மாணவர்களும் படிக்கும் பக்கம் இது, ஒரே குடும்பம் என்ற அந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.