குடல் தீர்ந்து போச்சு

(1229 மே 1, காலை. சிலுவைப்போருக்கு வந்த கிறிஸ்தவர்கள் ஆளும் ஆக்ரே நகரில் துறைமுகத்துக்கு இறங்கும் கசாப்புக்காரர் தெரு. கல் தரையெல்லாம் கொழுப்பு வழுக்குகிறது. கூடையோடு ஒரு பெண்மணி சுவரைப் பிடித்தபடி கடைக்கு வருகிறாள்.)

அக்கா: தம்பி, ஒரு முழுக் குடல் கொடு. மருமகன் சாப்பிட வருகிறார்.

கடைக்காரர்: குடல் தீர்ந்து போச்சு அக்கா.

அக்கா: இப்போதுதானே விடிந்தது! யார் வாங்கினது?

கடைக்காரர்: பேரரசர்.

அக்கா: புனித ரோமப் பேரரசர் பிரெடெரிக்கா? அவர் குடலெல்லாம் சாப்பிடுவாரா?

கடைக்காரர்: சாப்பிட வாங்கவில்லை, உடம்பு மேலே வாங்கினார். ஊர் எழுவதற்குள் சத்தம் போடாமல் கப்பலேறப் பார்த்தார். நம் தெரு சும்மா விடுமா? குடல், ஈரல், கொழுப்பு, கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது.

அக்கா: அடப் பாவிகளா! 42 வருஷமாக நம் கைவிட்டுப் போயிருந்த ஜெருசலேமை ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் வாங்கிக் கொடுத்த மனுஷனப்பா அவர்.

கடைக்காரர்: கோபமே அதில்தான். எகிப்து சுல்தான் அல் காமிலோடு தூது விட்டுப் பேசியே முடித்துவிட்டார். சண்டை போடக் கடல் தாண்டி வந்தவனெல்லாம் வாளைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிட்டான். வாங்கினதும் முழுசாகவா? அல் அக்சா மசூதி முஸ்லிம்களிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். டெம்ப்ளர் என்கிற துறவி வீரர்களுக்கு அது பழைய தலைமையிடம், பொறுப்பார்களா? ஒப்பந்தமும் 10 வருஷத்துக்குத்தான்.

அக்கா: குத்தகைக்கு எடுத்த மாதிரி இருக்கிறதே.

கடைக்காரர்: அப்புறம், ஆள் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்.

அக்கா: அது எதற்கு?

கடைக்காரர்: சிலுவைப்போருக்குப் போகவில்லை என்று. 1215இல் சத்தியம் செய்தார். இன்று, நாளை என்று 12 வருஷம் ஓடியது. ஒருவழியாக இத்தாலியில் பிரிண்டிசியில் கப்பலேறினால் படையில் கொள்ளைநோய். இவருக்கும் காய்ச்சல், திரும்பிவிட்டார். போப் ஒன்பதாம் கிரகோரி ‘எல்லாம் நடிப்பு’ என்று விலக்கிவிட்டார்.

அக்கா: சரி, மறுவருஷமே கிளம்பி வந்தாரே?

கடைக்காரர்: அது அடுத்த குற்றம். விலக்கப்பட்டவர் எப்படிச் சிலுவைப்போருக்குப் போகலாம்?

அக்கா: போகாவிட்டாலும் தப்பு, போனாலும் தப்பு. என் மாமியார் இருந்த வீடு மாதிரியே இருக்கிறது.

கடைக்காரர்: மார்ச் 18 அன்று ஜெருசலேமில் ஏசுவின் திருக்கல்லறை ஆலயத்தில் முடிசூட்டிக்கொண்டார். இவருக்கு எந்த ஆயர் முடி வைப்பார்? பீடத்தில் இருந்த கிரீடத்தைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். மறுநாளே செசரியா பேராயர் வந்து ஜெருசலேம் முழுக்க வழிபாட்டுக்குத் தடை போட்டார்.

அக்கா: பூசை வைக்கத்தானே ஊரை மீட்டதே! அது கிடக்கட்டும், இப்போது என்ன அவசரம் அவருக்கு?

கடைக்காரர்: சாவிக்கொடி பிடித்த போப்பின் படை இத்தாலியில் அவருடைய ராஜ்யத்துக்குள் புகுந்துவிட்டது. நடத்திப் போகிறவரில் ஒருவர் பிரியென் ஜான். மாமனார்.

அக்கா: சொந்த மாமனாரா?

கடைக்காரர்: நம்முடைய பழைய ராஜா. 1225இல் பெண்ணைக் கொடுத்தார். கல்யாணம் முடிந்த கையோடு, ‘இனி ஜெருசலேம் ராஜா நான்தான்’ என்றார் மருமகன்.

அக்கா: என் மருமகனும் கல்யாணத்தன்று கழுதைக்குட்டி வேண்டும் என்று முறுக்கிக்கொண்டார். கொடுத்துத் தொலைத்தோம். போப்பையா கூப்பிட்டோம்? சரி, குடல் பறந்தபோது யாரும் தடுக்கவில்லையா?

கடைக்காரர்: பெய்ரூட் பிரபு இபெலின் ஜான் ஓடி வந்து எல்லாரையும் விரட்டினார்.

அக்கா: சைப்ரஸில் லிமாசோல் விருந்தில் ஆயுதத்தோடு ஆட்களை நிறுத்தி, பெய்ரூட்டைக் கொடு என்று பேரரசர் மிரட்டினாரே, அந்த இபெலினா?

கடைக்காரர்: அவரேதான். அப்புறம் கரையில் நின்று ‘கடவுள் துணை’ என்று வழியனுப்பினார். எனக்கென்னவோ, கப்பல் நிஜமாகவே கிளம்புகிறதா என்று பார்க்க வந்த மாதிரிதான் தெரிந்தது.

அக்கா: நீயும் எறிந்தாயா?

கடைக்காரர்: விற்கிற சரக்கை யாராவது எறிவார்களா? எறிகிறவர்களுக்கு விற்றேன். பாதி கடன். உங்கள் வீட்டுக்காரர் ஒரு முழுக் குடல் வாங்கினார். உங்கள் கணக்கில்தான்.

அக்கா: அந்தக் கிழவரா? கை தூக்க முடியவில்லை என்று ஒரு வாரமாகத் தண்ணீர் எடுக்கவில்லையே! பேரரசர் மேல் பட்டதா?

கடைக்காரர்: எங்கே? அதோ, எதிர்வீட்டு மாடிப்படியில் தொங்குகிறது.

அக்கா: (கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு) நாய் பார்ப்பதற்குள் எடுத்துவிடுகிறேன். நாலு தண்ணீரில் அலசினால் மருமகனுக்குத் தெரியவா போகிறது?