துக்க வீட்டிலாவது தொப்பியைக் கழற்றுங்கள்

சென்ற மாதம் என் பெரியப்பா காலமானார். கூடத்தின் நடுவே குளிர்பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தோம். வந்தவர்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வரிசையாகப் பெட்டியைச் சுற்றி வந்தார்கள். அந்த வரிசையில் உறவுக்கார இளைஞர் ஒருவர், வெயிலுக்குப் போட்டிருந்த கிரிக்கெட் தொப்பியோடு அப்படியே உள்ளே வந்தார். மாலையை வைத்துவிட்டு முகம் பார்க்கக் குனிந்தபோது, தொப்பியின் முன்பக்க மடல் கண்ணாடி மூடியில் டொக்கென்று இடித்தது. இனிமேலாவது கழற்றுவார் என்று பார்த்தேன். அவரோ மடலைப் பிடரிப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா அந்தச் சத்தத்தில் நிமிர்ந்து பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதே கோலத்தில் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணனிடம் கை நீட்டித் துக்கமும் விசாரித்தார். பொறுக்க முடியாமல் அருகில் போய், "தம்பி, அதைக் கழற்றிடுப்பா" என்று மெதுவாகச் சொன்னேன். "துண்டைக் கக்கத்துல வைக்கச் சொன்ன காலமெல்லாம் போயிடுச்சு, சித்தப்பா" என்றார்.

தொப்பியைக் கழற்றாததைவிட அந்தப் பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. கக்கத்தில் துண்டு வைத்த காலம் என்னவென்று தெரிந்துதான் அவர் பேசினாரா? தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஆதிக்க சாதியார் தெருவில் நடக்கக்கூடாது, எதிரே ஒருவர் வந்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும் என்று மனிதரை மனிதர் ஒடுக்கிய காலம் அது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நாகசுரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்ததை ஊர்ப் பெரியவர்கள் ஆட்சேபித்தபோது, எடுக்கக்கூடாது என்று சுயமரியாதை இயக்கத்தின் பட்டுக்கோட்டை அழகிரிசாமி பக்கத்தில் நின்றாரே, அது ஒரு கலைஞனின் மானத்துக்காக நடந்த போராட்டம். உயிரோடு இருக்கும் ஒருவன் தன் அதிகாரத்தைக் காட்ட இன்னொருவனின் துண்டைப் பறிப்பதும், இறந்துபோன ஒருவரின் முன்னால் நாமாக மனமுவந்து தலையைத் திறந்து நிற்பதும் எப்படி ஒன்றாகும்? பெரியப்பா எழுந்து வந்து யாரையும் அதட்டப் போவதில்லை. அந்தப் போராட்டத்தின் பெயரைத் தன் அலட்சியத்துக்குக் கேடயமாகப் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அன்றைக்கு வந்தவர்களில் பெரியப்பாவோடு முப்பது ஆண்டுகள் நிலத்தில் உழைத்த முதியவர் ஒருவரும் இருந்தார். தெருமுனையிலேயே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கக்கத்துக்கோ இடுப்புக்கோ அது போகவில்லை. சுயமரியாதையும் மரியாதையும் அந்த ஒரே தோளில் கிடந்ததை அந்த இளைஞர் கண் திறந்து பார்த்திருந்தால் என்னிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

இடத்துக்கு ஏற்றபடி தலை மூடுவதும் திறப்பதும் நமக்கு ஒன்றும் புதிதல்ல. தேவாலயத்தில் ஆண்கள் தலையைத் திறந்து நிற்கிறார்கள், பெண்கள் முக்காடு போடுகிறார்கள். தர்காவுக்குப் போனால் கைக்குட்டையையாவது தலையில் கட்டிக்கொள்கிறோம். பள்ளிவாசலில் தொழுகிறவர்கள் தொப்பி அணிகிறார்கள், ஆனால் நெற்றி தரையில் பட வேண்டும் என்பதால் மடல் வைத்த தொப்பி அங்கே இடைஞ்சல். இந்த மடல் தொப்பியை உலகுக்குக் கொடுத்த அமெரிக்காவிலேயே, கொடிக்கு உறுதிமொழி சொல்லும்போது சீருடையில் இல்லாத ஆண்கள், சமயம் சார்ந்தவை தவிர மற்ற எந்தத் தொப்பியையும் வலக்கையால் கழற்றி இடத்தோளில் பிடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தொப்பியை வாங்கிக்கொண்டவர்கள் அதைக் கழற்றும் வழக்கத்தை மட்டும் ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்?

சீக்கியரின் தலைப்பாகையையோ, இஸ்லாமியரின் குல்லாவையோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி உதிர்ந்தவர் போடும் தொப்பியையோ யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது; சொன்னால் அவர்களோடு சேர்ந்து நானும் சண்டைக்கு வருவேன். வயலிலும் சாலையிலும் வெயிலுக்குப் போடுகிறவர்களிடமும் எனக்குப் பேச்சில்லை. கூரைக்குள், குளிர்பெட்டிக்கு முன்னால், அழுதுகொண்டிருக்கும் ஒரு கிழவியின் கண்ணெதிரே போடுகிறவர்களிடம்தான் என் கோபமெல்லாம். திருமணப் பந்தியில் இலைக்கு முன்னால் தொப்பியோடு உட்காருகிறவர்களைக்கூட நான் சகித்துக்கொண்டு போகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் அவர் அதே தொப்பியோடுதான் வந்தார். இந்த முறை நான் வாசற்படியில் நின்று ஒன்றும் பேசாமல் கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தார், உள்ளே பெரியப்பாவின் படத்தைப் பார்த்தார், கழற்றிக் கொடுத்தார். திண்ணைச் சுவரில் பெரியப்பா தன் துண்டை மாட்டி வைக்கும் ஆணியில் அதை மாட்டினேன்.