கிடங்குக்கு ஏன் வெள்ளையடிக்கிறார்கள்?

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவான கொச்சி பினாலேவுக்குப் போய்வந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே குறை சொல்கிறார்கள்: "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரொம்ப அலைச்சல்." எனக்கோ அந்த அலைச்சலுக்காகவே மறுபடி போகத் தோன்றுகிறது.

விழாவின் காட்சிகள் ஒரே இடத்தில் இல்லை, பல கட்டடங்களில் பரந்து கிடக்கும். எர்ணாகுளம் தர்பார் ஹால் கலைக்கூடத்தில் குளிரூட்டிய அறை, பளிச்சென்ற சுவர், அளந்து வைத்த வெளிச்சம். அங்கிருந்து படகேறிக் காயலைக் கடந்தால் ஃபோர்ட் கொச்சி. 1867இல் ஓர் ஆங்கிலேய வணிகர் தொடங்கிய கம்பெனியின் ஆஸ்பின்வால் ஹவுஸ், மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் கப்பலேறிய இடம், உப்புக்காற்றில் காரை உதிர்ந்த சுவர்கள், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாடல் சொல்லும் பழைய துறைமுகம் முசிறியின் பெயரை 2012இல் இந்த விழாவுக்குச் சேர்த்து வைத்தார்களே, அதற்கு அர்த்தம் இந்தக் கிடங்குகளில்தான் இருக்கிறது.

அதனால்தான் சில அறைகளைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. அப்படிப்பட்ட கிடங்குக்குள் பலகை அடித்து, வெள்ளை பூசி, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி ஒரு வீடியோவை ஓடவிட்டால், அதை எந்த ஊர் கேலரியிலும் பார்த்துவிடலாமே, இவ்வளவு தூரம் எதற்கு?

2016இல் சிலிக் கவிஞர் ராவுல் சுரீட்டா செய்ததை நினைத்துப் பாருங்கள். ஆஸ்பின்வாலின் நீளமான கிடங்கில் கடல்நீரை நிரப்பிவிட்டார், சுவரில் கவிதை வரிகள், அவ்வளவுதான். 2015இல் அகதிப் படகு கவிழ்ந்து இறந்து கரை ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அவனோடு மூழ்கிய ஐந்து வயது அண்ணன் காலிப்புக்கு அப்படி ஒரு படம் இல்லை. அந்த அண்ணனுக்கான படைப்பு இது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் நடந்துதான் கடைசிச் சுவருக்குப் போக முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் நிஜமான நீர் அசைந்துகொண்டிருக்கும்போது, கலை தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே எழாது. பளபளப்பான ஹாலில் இதே தண்ணீர் வெறும் தொட்டியாகியிருக்கும்.

சரி, பழைய கட்டடம் என்றால் மழை, ஈரம், தாமதம் எல்லாம் உண்டு. 2022இல் திறப்பே டிசம்பர் 12இலிருந்து 23க்குத் தள்ளிப்போனது. பழைய புகைப்படம், காகித ஓவியம் போன்றவற்றுக்குத் தர்பார் ஹால் போன்ற இடம் அவசியம், அதை மறுக்கவில்லை.

அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒன்று: தர்பார் ஹாலில் காட்சி இருந்தால் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். காலையில் அங்கே பார்த்துவிட்டு, படகில் போய், அதே மதியம் ஆஸ்பின்வாலுக்குள் நுழையுங்கள்.