விதைய மண்ணு போட்டு மூடாதீங்க
கெமோமைல் (டீ போடற பூச்செடி) வளர்க்கறது பத்தின உங்க கட்டுரைல விதைய அரை இன்ச் மண்ணு போட்டு மூடணும்னு போட்டிருக்கீங்க, இந்த விதைக்கு அது சரிவராதுங்க, நானும் அப்படித்தான் மூடி வச்சு ஒரு பாக்கெட் விதைய வீணாக்குனேன். ரவைய விட பொடிசு, தும்முனா பறந்துரும், முளைக்க வெளிச்சம் வேற வேணும். ஈரமான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மேல தூவி விரலால லேசா அமுக்கிட்டு ஸ்ப்ரேயர்ல தண்ணி அடிங்க, பூவாளி வேணாம், விதை எல்லாம் ஒரே மூலைக்கு ஒதுங்கிரும். எனக்கு 9-ஆம் நாள் முளைச்சுச்சு. கோயம்புத்தூர் மொட்டைமாடி, நவம்பர்ல போட்டது ஜனவரி கடைசில பூத்துச்சு, மார்ச் வெயிலுக்கு செடி கருகிருச்சு, அது வேற கதை. வெள்ளை இதழ் கீழ மடங்க ஆரம்பிக்கறப்ப பறிங்க. நடு மஞ்சள் குமிழ நகத்தால கீறிப் பாருங்க, உள்ள காலியா இருந்தா ஜெர்மன் வகை, டீக்கு அதான் நல்லது. எங்க அத்தைக்கு சாமந்தி தொட்டாலே அரிப்பு, இதுவும் அதே குடும்பம்ங்கறதால அவங்களுக்கு மட்டும் டீ குடுக்கல.