டிரைவர் இருந்தால் மட்டும் போதுமா?

கோலாலம்பூரில் எல்ஆர்டி நகர ரயில் என்று பேச்செடுத்தாலே போதும், "டிரைவரே இல்லாத ரயிலில் எப்படித்தான் ஏறுகிறாயோ!" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எல்ஆர்டியின் கிளானா ஜெயா தடத்தில் 1998இலிருந்து ரயில் தானாகத்தான் ஓடுகிறது!

உடனே அதே தடத்தில் நடந்த 2021 விபத்தை இழுப்பார்கள். சரி, இழுங்கள். ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். மே 24ஆம் தேதி இரவு, கம்போங் பாரு, கேஎல்சிசி நிலையங்களுக்கு நடுவே சுரங்கத்துக்குள் இரண்டு ரயில்கள் மோதின. 213 பேருக்குக் காயம், அதில் 47 பேருக்குப் பலத்த காயம். தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு, ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த பயணிகள் என்று அந்தப் படங்களைப் பார்த்து வயிறு கலங்காதவர்கள் இல்லை. பயணிகள் இருந்த ரயில் தானாக ஓடியது. காலியாக வந்து மோதிய ரயிலோ ஏற்கெனவே பழுதாகியிருந்தது. அதை ஓர் ஆள்தான் ஓட்டிவந்தார். போகவேண்டிய திசைக்கு நேர் எதிராக ஓட்டினார், கட்டுப்பாட்டு மையமும் சரிபார்க்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இன்றுவரை திட்டு வாங்குவது டிரைவர் இல்லாத ரயில்!

இயந்திரம் தப்பே செய்யாது என்று சொல்லவில்லை. 2019இல் யோகோகாமாவில் ரயிலுக்குள் ஒரு மின்கம்பி அறுந்ததால் ஆளில்லா ரயில் எதிர்ப்பக்கம் ஓடித் தண்டவாள முடிவில் முட்டியது, பத்துப் பேருக்கு மேல் காயம். அதே ஜப்பானில், 2005இல் அமகசாகியில், ஒன்றரை நிமிடத் தாமதத்தை ஈடுகட்ட டிரைவர் வளைவில் பறந்தார். ரயில் தடம்புரண்டு, அவரையும் சேர்த்து 107 பேர் செத்தார்கள். அதை மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை?

2023 டிசம்பரில் டெல்லி மெட்ரோவில் ஒரு பெண்ணின் உடை ரயில் கதவில் மாட்டி, இழுத்துப்போட்டு, உயிரே போனது. டிரைவர் இருந்த ரயில்தான் அது. அந்த நடைமேடையின் ஓரத்தில், ரயில் வந்து நின்றால் மட்டும் திறக்கும் தடுப்புக் கதவு இல்லை.

ஆத்திரப்பட வேண்டியது இதற்குத்தான். இங்கே கோலாலம்பூரின் இன்னொரு ஆளில்லா ரயிலான காஜாங் எம்ஆர்டி தடத்தில் எல்லா நிலையத்திலும் தடுப்புக் கதவு உண்டு. கிளானா ஜெயா தடத்தில் சுரங்க நிலையங்களில் மட்டும்தான். தரைக்கு மேலே உள்ள நிலையங்களில், நெரிசல் நேரத்தில் ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாக மஞ்சள் கோட்டோரம் நிற்கிறவர்களுக்கு எது காவல்? டிக்கெட் வாசலில் இருக்கும் ஊழியருக்கு மேல்தளத்தில் நடப்பது என்ன தெரியும்? டிரைவர் இருக்கையை விடுங்கள். எல்லா நிலையத்திலும் கதவு போடுங்கள், அது வரும்வரை ஒவ்வொரு நடைமேடையிலும் ஓர் ஆளையாவது நிறுத்துங்கள்!